டிஸ்க் ‘ஹெல்தி’ என்கிறது, ஆனால் படம் திறக்கவில்லை

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் கணினி திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். போன ஐப்பசி மழையில், ஒரே கிழமைக்குள் இரண்டு பேர் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார்கள்.

முதலாமவர் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியர். பதினொரு வருடத்து வினாத்தாள்கள், விளையாட்டுப் போட்டிப் படங்கள், பிள்ளைகளின் தவணை அறிக்கைகள் எல்லாம் ஒரே டிஸ்க்கில். சில கோப்புகளைத் திறந்தால் கணினி அப்படியே உறைந்து நிற்கிறது. “தம்பி, விண்டோஸில பார்த்தேன், ‘ஹெல்தி’ன்னுதான் காட்டுது. வயர் ஏதும் லூஸா இருக்கான்னு பாருங்க” என்றார்.

இரண்டாவது, பொகவந்தலாவையிலிருந்து வந்த பையன். வாங்கி நான்கு மாதமான டிஸ்க்கை மழை படாமல் இரண்டு சொப்பிங் பைக்குள் சுற்றிக் கொண்டு வந்திருந்தான். “அண்ணே, இருபது கோடிக்கு மேல பிழை இருக்கு. பழசைப் புதுசுன்னு குடுத்துட்டாங்க போல.”

ஆசிரியரின் டிஸ்க் சாகக் கிடந்தது. பையனின் டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. இருவரும் திரையில் இருந்ததைச் சரியாகத்தான் வாசித்தார்கள். அது எதைப் பற்றிய எழுத்து என்பதில்தான் தவறு. இந்தத் தவறு கடைகளிலும் நடக்கிறது, படித்தவர்களிடமும் நடக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாக, அடியிலிருந்து பார்ப்போம்.

‘ஹெல்தி’ என்று சொன்னது யார்?

விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு பிரிவின் கீழும் ‘ஹெல்தி’ என்ற சொல் இருக்கும். டிஸ்க்கைப் பிரித்து சி, டி, இ என்று பெயர் வைக்கிறோமே, அந்தப் பிரிவு விண்டோஸுக்கு அடையாளம் தெரிகிறது என்பதுதான் அதன் பொருள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. லயத்துக் கதவில் வீட்டு இலக்கம் சரியாக எழுதியிருக்கிறது என்பதற்கும் கூரைத் தகரம் ஒழுகவில்லை என்பதற்கும் என்ன சம்பந்தம்?

கூரையைப் பற்றித் தெரிய வேண்டுமானால் வேறொருவரைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கின் அடியிலும், பெரும்பாலும் பச்சை நிறத்தில், ஒரு சர்க்யூட் பலகை இருக்கும். அதில் ஒரு குட்டிக் கணினியே ஓடுகிறது. எழுதுவதும் வாசிப்பதும் அதன் வேலை. அந்த வேலையில் பட்ட கஷ்டங்களைக் கணக்கு வைப்பதும் அதன் வேலை. அந்தக் கணக்குக்குப் பெயர் ஸ்மார்ட். ‘டிஸ்க் தன்னைத் தானே கவனித்து, அலசி, அறிவிக்கும் முறை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. இந்த யோசனை பழையது. 1992இல் ஐபிஎம் தன் பெரிய கணினிகளின் டிஸ்க்குகளில் முன்னெச்சரிக்கை முறை ஒன்றைக் கொண்டுவந்தது. 1995இல் காம்பாக் கம்பனி டிஸ்க் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து அதைப் போன்ற ஒன்றை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. இரண்டிலிருந்தும் பிறந்த பொதுவான ஏற்பாடுதான் ஸ்மார்ட்.

இதை வாசிக்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸ் பழகியவர்களுக்கு ஸ்மார்ட்மான்டூல்ஸ் இருக்கிறது. அறிக்கையைத் திறக்கும்போது இவை எதுவும் டிஸ்க்கைப் ‘பரிசோதிப்பது’ கிடையாது. டிஸ்க் எழுதி வைத்த நாட்குறிப்பை எடுத்துக் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

செக்ரோல் புத்தகமும் செக்டரும்

நாட்குறிப்பு புரிய வேண்டுமானால், டிஸ்க் எப்படி எழுதுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. அவற்றின் மேல் ஹெட் என்ற நுண்ணிய முனை, தட்டைத் தொடாமல் காற்றில் மிதந்துகொண்டு வாசிக்கிறது, எழுதுகிறது. தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியைப் பத்தாயிரமாகக் கிழித்தால் வரும் இழைகூட அந்த இடைவெளிக்குள் நுழையாது.

தட்டின் பரப்பு சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டத்துக்கு செக்டர் என்று பெயர். பழைய கணக்கில் ஒரு செக்டர் 512 பைட். இப்போதைய டிஸ்க்குகளில் பெரும்பாலும் 4,096 பைட். 1 டெராபைட் டிஸ்க்கில் பழைய கணக்குப்படி 195 கோடி செக்டர்கள்.

இப்போது தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் செக்ரோல் புத்தகம். கொழுந்து நிறுக்கும் இடத்தில், சாரல் மழையில் நின்றுகொண்டு, யார் எத்தனை கிலோ என்று எழுதுகிறார். ஒரு பக்கம் நனைந்து மை கலங்கிவிட்டது. என்ன செய்வார்?

முதலில் உற்றுப் பார்ப்பார். ‘18’ஆ ‘13’ஆ என்று தெரியாவிட்டால், அடியில் போட்ட மொத்தக் கூட்டலை வைத்துக் கண்டுபிடிப்பார். டிஸ்க்கும் அதையே செய்கிறது. ஒவ்வொரு செக்டரின் முடிவிலும் இப்படியொரு சரிபார்ப்புக் கணக்கு எழுதப்பட்டிருக்கும். அதற்கு ஈசிசி என்று பெயர். சின்னக் கலங்கலை அதை வைத்தே டிஸ்க் திருத்திவிடும். இது நாள் முழுக்க, நமக்குத் தெரியாமல், ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. நல்ல டிஸ்க்கிலும் நடக்கிறது. பையனின் இருபது கோடிக்கு நாம் திரும்பி வரும்போது இது உதவும்.

கலங்கல் அதிகமானால்? கூட்டலை வைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. கணக்கப்பிள்ளை அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிய மாட்டார், எறியவும் கூடாது, அதில் ஒருவரின் ஒரு நாள் சம்பளம் இருக்கிறது. ஓரத்தில் ஒரு புள்ளடி போட்டு வைப்பார்: ‘இது பார்க்க வேண்டியது.’ வெயில் வந்து காய்ந்தால் ஒருவேளை தெரியும்.

அடுத்த தடவை அதே பக்கத்தில் புதிதாக எழுத வேண்டி வரும்போதுதான் முடிவு. பழைய கணக்கு இனித் தேவையில்லை, அதனால் அழித்துவிட்டு எழுதிப் பார்ப்பார். தாள் மையைப் பிடித்தால் புள்ளடியை எடுத்துவிடுவார். தாள் ஊறிக் கிழிந்தால், புத்தகத்தின் கடைசியில் காலியாக விட்ட தாள் ஒன்றில் எழுதி, ‘இந்தப் பக்கத்துக்குக் கடைசித் தாளைப் பார்’ என்று குறிப்புப் போடுவார்.

ஹார்ட் டிஸ்க்கிலும் இப்படி உபரி செக்டர்கள் தொழிற்சாலையிலேயே ஒதுக்கி வைக்கப்படுகின்றன. கெட்ட செக்டரின் வேலையை உபரி செக்டருக்கு மாற்றுவதை இடமாற்றம் என்று சொல்வோம். புள்ளடி போட்டு முடிவுக்காக வைத்திருக்கும் செக்டரை நிலுவை செக்டர் என்போம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சின்னப் பிழை சாதாரணம், டிஸ்க்கே திருத்தும். திருத்த முடியாதது நிலுவையில் நிற்கும். மேலே புதிதாக எழுதும்போது அது ஒன்றில் தேறும், இல்லையென்றால் இடமாற்றம் பெறும். வாசித்துக்கொண்டே இருந்தால் மட்டும் நிலுவை தீர்வது அபூர்வம்.

கணினி உறைவதும் இங்கேதான். வாசிக்க முடியாத செக்டரில் மாட்டினால் டிஸ்க் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும், பல வினாடிகள், சில வேளை ஒரு நிமிடம்கூட. அதுவரை விண்டோஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். வைரஸ் என்று நினைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு, அந்தப் போடுகையிலேயே இருந்த படங்களையும் அழித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான்கு எண்கள், ஒரு பரீட்சை

ஸ்மார்ட் அறிக்கையைத் திறந்தால் இருபது, இருபத்தைந்து வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள இலக்கம் உண்டு, அது வரிசை எண் இல்லை. ஒவ்வொரு வரியிலும் நான்கு எண்கள்: இப்போதைய புள்ளி, இதுவரை வந்த ஆகக் குறைந்த புள்ளி, எல்லை, மூல எண்.

மூல எண்தான் உண்மையில் எண்ணியது. எத்தனை செக்டர் இடமாறியது, எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பது அதில் இருக்கும். புள்ளி என்பது அதை வைத்து டிஸ்க் தனக்குத் தானே போட்டுக்கொண்ட மார்க். 100 அல்லது 200 என்ற உயரத்திலிருந்து தொடங்கும், நிலைமை மோசமாக ஆகக் குறையும். ஆகவே ‘100’ என்று கண்டால் நூறு பிழை என்று பயப்படக் கூடாது, அது முழுப்புள்ளி. எல்லை என்பது சித்தியடைய வேண்டிய புள்ளி. புள்ளி எல்லையைத் தொட்டால்தான் டிஸ்க் ‘நான் ஃபெயில்’ என்று ஒத்துக்கொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கை. வினாத்தாள் போட்டதும் கம்பனி, திருத்துவதும் கம்பனி, சித்திப் புள்ளியைத் தீர்மானித்ததும் கம்பனி. உத்தரவாத காலத்தில் திருப்பி எடுக்க வேண்டியதும் அதே கம்பனி. எல்லையை அவர்கள் எங்கே வைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நிலுவை செக்டர் வரியில் பல டிஸ்க்குகளில் எல்லை 0 என்றே இருக்கும். சித்திப் புள்ளி பூச்சியம் என்றால் அந்தப் பாடத்தில் ஃபெயிலாகவே முடியாது. நூற்றுக்கணக்கான செக்டர்கள் வாசிக்க முடியாமல் கிடந்தாலும் மொத்தத் தீர்ப்பு ‘பாஸ்’ என்று வரும் மர்மம் இதுதான்.

அதனால் என் பழக்கம் எளிது. மொத்தத் தீர்ப்பு ‘ஃபெயில்’ என்றால் நம்புவேன். ‘பாஸ்’ என்றால் மூல எண்ணைப் பார்ப்பேன்.

சரி, பையனின் இருபது கோடி. அவன் பார்த்தது 1ஆம் இலக்க வரி, வாசிப்புப் பிழை வீதம். அவனுடையது சீகேட் டிஸ்க். பல சீகேட் டிஸ்க்குகளில் இந்த வரியின் மூல எண்ணில் இரண்டு எண்களை ஒட்டி வைத்திருப்பார்கள்: முன்பகுதியில் பிழைகள், பின்பகுதியில் மொத்தம் எத்தனை தடவை வாசித்தது. கடையில் அவன் முன்னாலேயே எண்ணைப் பதினாறின் அடிமான முறைக்கு (பத்துப் பத்தாக இல்லாமல் பதினாறு பதினாறாக எண்ணும் முறை) மாற்றிக் காட்டினேன். பன்னிரண்டு இலக்கம். முதல் நான்கும் பூச்சியம். பிழை பூச்சியம், வாசிப்பு இருபது கோடி. பஸ் கண்டக்டரின் டிக்கெட் எண்ணைப் பார்த்து ‘இத்தனை விபத்தா’ என்று கேட்டது போல.

இதே அடிமானம் மறுபக்கமாகவும் ஏமாற்றும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் மூல எண்கள் இயல்பாகவே பதினாறின் அடிமானத்தில்தான் வரும். அங்கே 10 என்றால் நம் கணக்கில் 16. 64 என்றால் 100. மெனுவில் போய்ப் பத்தின் அடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் தலைவலி இல்லை.

எந்த வரியைப் பார்ப்பது?

இருபத்தைந்து வரியும் வேண்டாம். நான் முதலில் தேடுவது 197. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் இந்த இலக்கமும் பதினாறின் அடிமானத்தில் ‘சி5’ என்று இருக்கும். இதுதான் நிலுவை செக்டர்கள், புள்ளடி போட்ட பக்கங்கள். இங்கே பூச்சியத்தைத் தவிர எது இருந்தாலும், இந்த நிமிடத்தில் டிஸ்க்கின் ஏதோ ஓரிடத்தை வாசிக்க முடியவில்லை என்று அர்த்தம்.

ஆசிரியரின் டிஸ்க்கில் இந்த வரியில் 16 இருந்தது. “195 கோடியில பதினாறுதானே தம்பி?” என்றார். கணக்கு சரி. இன்னொரு வகையில் அது பதினாறுகூட இல்லை: புதிய டிஸ்க்குகளில் ஒரு 4,096 பைட் செக்டர் பழைய கணக்கில் எட்டாக எண்ணப்படுவதுண்டு, அதனால்தான் இந்த எண் 8, 16, 24 என்று எட்டெட்டாக ஏறும். ஆக, கெட்டது இரண்டே கட்டங்கள். ஆனால் அந்த இரண்டும் ஏன் கெட்டன என்று யோசிக்க வேண்டும். ஹெட் எங்கேயாவது உரசி, துகள் பறந்து, அது இன்னோர் இடத்தில் உரசிக்கொண்டிருந்தால், இன்றைய இரண்டு நாளை இருநூறு.

அடுத்தது 5. இடமாற்றம் பெற்ற செக்டர்கள், கடைசித் தாளுக்குப் போன பக்கங்கள். இது நடந்து முடிந்த கதை, அந்தப் பிரச்சினைக்கு டிஸ்க் தீர்வு கண்டுவிட்டது. வருடக்கணக்காக 3 அல்லது 4இல் அசையாமல் நிற்கும் டிஸ்க்குகள் என்னிடமே ஓடுகின்றன. இந்த எண் குறையாது, ஏறத்தான் முடியும்.

187 சில கம்பனி டிஸ்க்குகளில்தான் இருக்கும். திருத்தவே முடியாமல் கணினியிடம் கைவிரித்த தடவைகள் அதில் இருக்கும். 198, டிஸ்க் சும்மா இருக்கும் நேரத்தில் தன்னைத் தானே தேடிப் பார்த்துக் கண்ட கெட்ட செக்டர்கள். பெரும்பாலும் 197ஐ ஒட்டியே போகும்.

199 வேறு சாதி. ‘சி7’ என்று தெரியும் இந்த வரி டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே உள்ள பாதையில் தகவல் சிதைந்த தடவைகளை எண்ணுகிறது. தட்டில் எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, கொண்டுவரும் வழியில் சிந்துகிறது. கொழுந்துச் சாக்கில் ஓட்டை. பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம், அல்லது அதன் முனை துருப்பிடித்திருக்கும். கேபிளை மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் பழைய எண் அழியாது, அங்கேயே நிற்கும். கேபிள் மாற்றிய பிறகும் 199இல் 340 இருக்கிறதே என்று இரண்டாவது கேபிள் வாங்கியவர் உண்டு. அந்த எண் நாளைக்கும் 340ஆகவே இருந்தால் சரி.

9ஆம் இலக்க வரி, ஓடிய மணித்தியாலங்கள். ஒரு வருடம் நிற்காமல் ஓடினால் 8,760. ‘புதுசு’ என்று வாங்கிய டிஸ்க்கில் 30,000 இருந்தால் விற்றவரிடம் பேச வேண்டும். பையனுடையதில் 212. அவன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

இந்தப் பகுதியின் சாரம்: 197 இன்றைய காயம், 5 பழைய தழும்பு, 199 டிஸ்க்குக்கு வெளியே உள்ள கோளாறு.

ஒரு தடவை பார்த்தால் போதாது

காய்ச்சல் என்று போனால் டாக்டர் ஒரு தடவை பார்த்துவிட்டு நிறுத்துவதில்லை, மறுநாளும் பார்க்கிறார். ஸ்மார்ட்டும் அப்படியே. எண் எவ்வளவு என்பதைவிட, அது நகர்கிறதா என்பது முக்கியம். 5ஆம் வரியில் 40 இருந்து ஆறு மாதம் அசையாத டிஸ்க்கைவிட, போன கிழமை 0, இன்று 6 என்று இருக்கும் டிஸ்க்குக்கு நான் அதிகம் பயப்படுவேன்.

கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தங்கள் டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பரப்பைத் தேடும்போது முதல் பிழை வெளிப்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழை காணாத டிஸ்க்கைவிட 39 மடங்கு என்றது அது. முதல் பிழைக்கு அவ்வளவு கனம்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். பழுதான டிஸ்க்குகளில் 56 வீதத்துக்கும் அதிகமானவற்றில், முக்கியமான நான்கு அடையாளங்களில் ஒன்றுகூட முன்கூட்டித் தெரியவில்லை. பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்புக் கம்பனி 2016இல் தன் டிஸ்க்குகளைப் பற்றி வெளியிட்ட கணக்கு கொஞ்சம் நம்பிக்கை தருவது: பழுதானவற்றில் 76.7 வீதத்தில், 5, 187, 188 (கணினி கேட்ட வேலையை நேரத்துக்குள் முடிக்காத தடவைகள்), 197, 198 ஆகிய ஐந்து வரிகளில் ஒன்றிலாவது பூச்சியம் அல்லாத எண் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றிலும் 4.2 வீதத்தில் அப்படி இருந்தது. அந்தக் கணக்கிலும் நான்கில் ஒன்று போல ஒரு வார்த்தை சொல்லாமல் செத்திருக்கிறது.

காரணம் இருக்கிறது. கணக்கப்பிள்ளை பக்கம் நனைவதைக் குறித்து வைக்க முடியும். திடீரென்று மயங்கி விழுந்தால் அதைக் குறிக்க ஆளில்லை. சர்க்யூட் பலகை எரிவது, மோட்டார் இறுகுவது, டிஸ்க் கீழே விழுவது எல்லாம் அந்த வகை. எல்லா வரியும் பூச்சியம் என்றால் ‘இதுவரை காயம் தெரியவில்லை’ என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளும் தேவையை எந்தப் பூச்சியமும் நீக்காது.

மலையும் பனியும் மின்வெட்டும்

நம் பக்கத்தில் மட்டும் கேட்கும் கேள்விகள் சில உண்டு. ‘உயரமான இடத்தில் டிஸ்க் சீக்கிரம் போகுமாமே?’ முழுப் பொய்யில்லை. ஹெட் மிதப்பது காற்றில். மேலே போகப் போகக் காற்று மெலியும், ஹெட் தாழும். அதனால் கம்பனிகள் உயர எல்லை சொல்கின்றன, வழக்கமாக 3,048 மீட்டர். இலங்கையின் ஆக உயரமான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான். நுவரெலியா நகரம் 1,868. ஆக, நம் நாட்டில் எந்த மலை உச்சிக்குக் கொண்டு போனாலும் அந்தக் காரணத்தால் சாகாது.

பனி வேறு விஷயம். ஜனவரிக் காலையில் குளிர்ந்து கிடந்த டிஸ்க்கை, அடுப்பெரியும் சூடான அறைக்குள் கொண்டு வந்தவுடன் மின்சாரம் கொடுத்தால், மூக்குக்கண்ணாடியில் படர்வது போல அதிலும் நீர் படரும். ஒரு மணித்தியாலம் பைக்குள்ளேயே வைத்துவிட்டுப் போடுங்கள். வெளி முனைகள் துருப்பிடித்து 199 ஏறுவதும் இந்த ஈரத்தால்தான்.

எங்கள் பக்கத்து டிஸ்க்குகளில் நான் காணும் உண்மையான அடையாளம் 192ஆம் வரி. கரண்ட் சட்டென்று போனால், தட்டு சுழன்றுகொண்டிருக்கும் வேகத்தையே மின்சாரமாக மாற்றி, அந்தக் கடைசி மூச்சில் ஹெட்டைப் பாதுகாப்பான இடத்துக்கு டிஸ்க் இழுத்துக்கொள்ளும். அப்படி அவசரமாக இழுத்த தடவைகள் அந்த வரியில் சேரும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய காலத்தைத் தாண்டி வந்த டிஸ்க்குகளில் இது பெருத்துக் கிடக்கும்.

கரண்ட் போன அந்தக் கணத்தில் ஹெட் எழுதிக்கொண்டிருந்தால், ஒரு செக்டர் அரைகுறையாக நின்றுவிடலாம். எழுத்து ஒன்று, சரிபார்ப்புக் கணக்கு ஒன்று. அடுத்த தடவை வாசிக்கும்போது இரண்டும் பொருந்தாது, டிஸ்க் அதை நிலுவையில் போடும். தட்டில் காயமே இல்லை. மேலே புதிதாக எழுதியவுடன் 197 பூச்சியமாகும், 5 ஏறாது. மின்னல் காலத்தில் ஒரே தடவை 197 ஏறி, பின் இறங்கி, திரும்ப வராவிட்டால் நான் டிஸ்க்கைக் குறை சொல்வதில்லை, யுபிஎஸ் ஒன்று வாங்கச் சொல்வேன்.

முதலில் பிரதி, பிறகுதான் பரிசோதனை

197இல் எண் இருக்கிறது, உள்ளே வேறெங்கும் இல்லாத கோப்புகள் இருக்கின்றன. இந்த நிலையில் எதை முதலில் செய்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. டிஸ்க்குக்கு இன்னும் எத்தனை மணித்தியாலம் மிச்சம் என்று தெரியாது, அந்த நேரத்தைப் பரிசோதனையில் செலவழிக்கக் கூடாது.

அதனால் செக் டிஸ்க்கை ஓட விடாதீர்கள். அது கோப்புகளின் பட்டியலைச் சீர்செய்யும் கருவி. நொந்த டிஸ்க்கில் அதைத் திருத்தும் கட்டளையோடு விட்டால் மணிக்கணக்கில் அரைக்கும், வாசிக்க முடியாதவற்றைப் பட்டியலிலிருந்தே எடுத்தும் விடலாம். ஃபோர்மட் அடித்தால் சரியாகும் என்பவரிடம் டிஸ்க்கையே கொடுக்க வேண்டாம். ஃப்ரீசரில் வைக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நுவரெலியாக் குளிரில் பிழைக்காதது ஐஸ் பெட்டியில் பிழைக்குமா? உள்ளே ஈரம் படர்ந்து மிச்சமிருப்பதும் போகும்.

கோப்புகள் திறக்கிற நிலையில் இருந்தால், இழக்கவே முடியாத சிறியவற்றை முதலில் எடுங்கள். நிறைய இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி நல்லது. அது டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கும். இடையில் கெட்ட இடம் வந்தால் அங்கே முட்டிக்கொண்டு நிற்காது, குறித்து வைத்துவிட்டு நல்ல பகுதிகளை முதலில் அள்ளும், கடைசியில்தான் கெட்டவற்றுக்குத் திரும்பும். ‘டக், டக்’ என்று சீராகச் சத்தம் வந்தால் இதுவும் வேண்டாம், உடனே கரண்ட்டை நிறுத்திவிட்டு, தரவு மீட்பதையே தொழிலாகச் செய்பவர்களிடம் போவதுதான் வழி.

யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்குகளில் சில வேளை ஸ்மார்ட் அறிக்கையே வராது. பெட்டியின் சர்க்யூட் அதைக் கடத்துவதில்லை. கழற்றி நேரடியாகச் சாட்டாவில் போட்டால் வரும். ஆனால் சில பெட்டிகள் எழுத்தைப் பூட்டியே எழுதுகின்றன, கழற்றினால் வாசிக்க முடியாது. பிரதி எடுத்த பிறகு கழற்றுங்கள்.

பிரதி கையில் வந்த பிறகு நீண்ட சுயபரிசோதனையைக் கொடுக்கலாம். டிஸ்க் தன் முழுப் பரப்பையும் தானே வாசித்துப் பார்க்கும், சில மணித்தியாலம் பிடிக்கும். குறுகிய பரிசோதனை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், பரப்பில் சிறு துண்டைத்தான் பார்க்கும்.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் தட்டும் இல்லை, ஹெட்டும் இல்லை. எழுத எழுதத் தேயும் சில்லுகள்தான். என்விஎம்இ வகையில் ‘பயன்படுத்திய வீதம்’ என்ற வரி அந்தத் தேய்மானத்தைச் சொல்லும், உபரி இருப்பு எவ்வளவு என்று இன்னொரு வரி சொல்லும். பயன்படுத்திய வீதம் 100ஐத் தாண்டியும் ஓடும், கம்பனி கணித்த ஆயுள் முடிந்தது என்றுதான் அதற்குப் பொருள். எஸ்எஸ்டி பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் போல இழுத்துக்கொண்டு கிடப்பதில்லை, ஒரு காலை கணினிக்குத் தெரியாமலே போய்விடும்.

ஆசிரியரின் டிஸ்க்

அன்று இரவே டிடிரெஸ்க்யூவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தபோது நகல் முடிந்திருந்தது. 197 இப்போது 16 இல்லை, 40. ஒரே இரவில். வாசிக்க முடியாத இடங்கள் ஒரு விளையாட்டுப் போட்டி வீடியோவிலும் பழைய ஸிப் கோப்பு ஒன்றிலும் விழுந்திருந்தன. வினாத்தாள்கள் அத்தனையும் வந்துவிட்டன.

பழைய டிஸ்க்கை எறிய ஆசிரியருக்கு மனமில்லை. “முழுக்க அழிச்சு எழுதிப் பாருங்களேன்” என்றார். எழுதினேன். 197 பூச்சியமானது. “ஆ, சரியாயிட்டுதே தம்பி!” என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நான் விரலை மேல் வரிக்கு நகர்த்தினேன். 5ஆம் வரியில் நேற்று 0 இருந்த இடத்தில் 5.

டிஸ்க்கின் மேல் டேப் ஒட்டி, திகதி போட்டு, 197–0, 5–5 என்று எழுதிக் கொடுத்தேன், முக்கியமான எதையும் வைக்க வேண்டாம் என்ற பேச்சோடு. அடுத்த சனிக்கிழமை கொண்டு வந்தார். டேப்பில் இரண்டாவது வரி எழுதினேன்: 197–8, 5–31. டேப்பை இரண்டு தடவை வாசித்துவிட்டு, “புதுசு என்ன விலை?” என்றார்.